கேட்காமல் எடுத்த நான்கு படங்கள்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாடி வீட்டின் மேல் செல்போன் டவர் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக் கதவை யாராவது தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கலெக்டருக்கு மனு போடுகிறார்களாம். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம். காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள் நான். கதிர்வீச்சு என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் இந்தத் தெருவில் நான்தான் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ரேடியோவில் பாட்டு வருவதும், டவரிலிருந்து போனுக்குப் பேச்சு வருவதும், மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவதும், டிவி ரிமோட் வேலை செய்வதும், விறகடுப்பின் அனல் முகத்தில் அடிப்பதும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும், வெயிலில் தோல் கறுப்பதும், எக்ஸ்ரேயும், மதுரையில் புற்றுநோய்க்கு வைக்கிற காமா கதிரும் எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குணமாகவா இருக்கிறார்கள்? ரேடியோவும் டவரும் சாதுவான பக்கம். அதிகம் போனால் சூடு பண்ணும். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரைத் தாண்டி எக்ஸ்ரே, காமா என்று போகப்போகத்தான் உடம்பின் அணுவுக்குள் புகுந்து உடைக்கிற வலு வருகிறது. டவர் வேண்டாம் என்றால் வேறு காரணம் எழுதுங்கள், எக்ஸ்ரே மாதிரி என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள் என்றேன்.

எதிர்வீட்டு அமலி கேட்டாள்: "அப்ப அந்த ரூமுக்குள்ள முப்பத்திரண்டு வருசம் இருந்தீகளே, ஒருநாளும் பயந்ததில்லையாக்கா?"

பயந்திருக்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். உள்ளே போய்க் காப்பி போட்டேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியைத் திரும்பத் துவைக்கிறேன். சர்ச்சுக்குப் பூசைக்குப் போனால் பாதியில் எழுந்து வருகிறேன். எழுதினாலாவது தீருமா என்று பார்க்கிறேன். இதில் வரும் குடும்பத்தின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் அப்பா கண்டரமாணிக்கம் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர். மதுரையில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கி, இருபத்தாறு வயதில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். படித்த இரண்டு வருடத்தில் கற்றதைவிட, டாக்டர் சங்கரலிங்கத்திடம் முதல் இரண்டு மாதத்தில் கற்றது அதிகம்.

அவர் திருநெல்வேலிக்காரர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிற மருத்துவர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தவறு செய்தால் திட்டவும் மாட்டார். ஒருமுறை வலது இடது குறிக்கும் ஈய எழுத்தை வைக்காமல் ஒரு கால் படத்தை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, விளக்குப் பெட்டியில் மாட்டி, மீண்டும் எடுத்து என் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றார்.  எனக்குப் புரிந்து முகம் சுருங்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை. அதற்குப்பின் அந்த எழுத்தை நான் மறந்ததில்லை.

டார்க் ரூம் கதவில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தாலும் மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் திறப்பார். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதில் எழுதியிருக்கும் பெயரை வாய்விட்டு முழுசாகப் படிப்பார். அது எலும்பு இல்லை, ஆள் என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருக்கும்.

அவர் வைத்த விதிகளில் ஒன்று மற்றவற்றைவிடக் கண்டிப்பானது. பிள்ளை பெறும் வயதில் இருக்கிற எந்தப் பெண்ணுக்கும் இடுப்பு, வயிறு, முதுகுத்தண்டு படம் எடுக்கும் முன் கடைசியாக வீட்டுக்குத் தூரமான தேதியை, அதாவது மாதவிலக்கான தேதியை, கேட்க வேண்டும். கூட வந்தவர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. "அந்தத் தேதி அவங்க வாயிலிருந்து வரணும். வேற யார் வாயிலிருந்தும் வரக்கூடாது" என்பார். நாள் தள்ளியிருந்தால் படம் கிடையாது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு மற்றது.

சொல்வதற்கு எளிது. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். கல்யாணமாகாத பெண்கள் முறைப்பார்கள். அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். பிள்ளையில்லாத ஒரு பெண்ணிடம் ஒருமுறை கேட்டபோது, மேசையில் படுத்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். படம் எடுத்து முடிக்கும்வரை அழுதாள். கேட்ட வாயை நான் நொந்துகொண்டேன்.

மீனாளை அழைத்து வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. கண்டனூரில் அவர்கள் வீடு பெரிய வீடு. வருடம் முழுக்கப் பூட்டியிருக்கும். மைத்துனர் கல்யாணத்துக்காகத் திறந்து கழுவிவிட்டிருக்கிறார்கள். ஈரம் காயாத வளவு முற்றத்தில் வழுக்கி, கல் படியின் விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்துவிட்டாள். சென்னையிலிருந்து வந்திருந்தாள். முப்பத்துநாலு வயது. நிற்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஒருக்களித்துப் படுத்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட மாமியார், கணவர் சொக்கலிங்கம், இன்னும் நாலைந்து பேர். கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எல்லாருக்கும் அவசரம்.

முதுகுத்தண்டுக்கு இரண்டு படம், இடுப்புக்கு ஒன்று என்று சீட்டு வந்தது. ஆண்களை வெளியே அனுப்பினேன். மாமியார் மட்டும் நகரவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கறையான மனுஷி. அதை நான் மறுக்க மாட்டேன்.

பதிவேட்டைத் திறந்து, பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டு மீனாளைப் பார்த்தேன். கேள்வி வாயிலிருந்து முழுசாக வருமுன் மாமியார் பதில் சொல்லிவிட்டார். "அதெல்லாம் அவளுக்கு ஒண்ணும் இல்லத்தா. பதினோரு வருசமா இல்லாததா இன்னிக்கு வந்துறப் போகுது? நீ படத்த எடு."

மீனாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் மாமியாரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அழுத பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இவளையும் அழவைப்பானேன் என்று தோன்றியது. இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். கட்டத்தில் தேதிக்குப் பதிலாக ஒரு கோடு இழுத்தேன்.

ஃபிலிம் இருக்கும் கேசட்டை மேசைக்கு அடியில் தள்ளி, எக்ஸ்ரே குழாயின் வெளிச்சச் சதுரத்தை அவள் இடுப்புக்கு நேராக நிறுத்தி, மாமியாரை அப்போதுதான் வெளியே போகச் சொன்னேன். ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய், மூச்சைப் பிடிங்க ஆச்சி என்று மீனாளிடம் சொன்னேன்; இந்தப் பக்கத்துப் பெரிய வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அழுத்தினேன். பக்கவாட்டுப் படத்துக்குத் திரும்பும்போது வலியில் அவள் உடம்பு உதறியது. கழுவிப் பார்த்தால் படம் கலங்கியிருந்தது. திரும்ப எடுத்தேன். மூன்று எடுக்க வேண்டிய இடத்தில் நான்கு. பதிவேட்டில் மூன்று என்றுதான் எழுதினேன். கெட்டுப்போன படத்தை எழுதும் வழக்கம் எங்களிடம் யாருக்கும் இல்லை.

முறிவு இல்லை. சதைப்பிடிப்புத்தான். மாத்திரை வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள்.

ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் வரவேற்பில் இருந்த பெண் ஓடிவந்து, கண்டனூர்க்காரர்கள் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த ஆச்சி உண்டாயிருக்கிறார்களாம், உங்கள் பதிவேட்டை டாக்டர் கேட்கிறார் என்றாள். விவரத்தையும் அவளே சொன்னாள். வலி தீரும்வரை கண்டனூரிலேயே தங்கியிருந்தவர்கள், வேறோர் ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். கருப்பிடித்த சமயத்தில் இடுப்பில் எக்ஸ்ரே எடுத்ததென்றால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடுவது நல்லது என்று அவர் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் படம் எடுத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

பதிவேட்டை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். என் கோடு அங்கே இருந்தது.

அறையில் நான் மட்டும்தான். பேனா கையில்தான் இருந்தது. ஒரு தேதியைப் போட்டுவிட்டால் நான் கேட்டதாகவும் அவள் சொன்னதாகவும் ஆகிவிடும். நாள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று முடிந்துபோகும். என் மூத்தவள் அப்போது பத்தாம் வகுப்பு. வேலை போனால் என்ன ஆவது என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. கோட்டின் மேல் ஒரு தேதியை எழுதினேன்.

டாக்டர் பதிவேட்டை வாங்கி, மீனாளின் பெயரை வாய்விட்டு முழுசாகப் படித்தார். பிறகு அந்தக் கட்டத்தைப் பார்த்தார். மேலும் கீழுமிருந்த மற்ற தேதிகளைப் பார்த்தார்.

"இது எப்ப எழுதினது மேரி?"

"இப்ப எழுதினேன் டாக்டர்."

பொய் சொல்ல வரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் தன் பேனாவைத் திறந்தார். பிறகு நான் எழுதிய தேதியின் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி அடித்தார். பக்கத்தில் அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "எத்தனை படம்?" என்று கேட்டார். நான்கு என்றேன். மூன்றை நான்காகத் திருத்தி அதற்கும் கையெழுத்திட்டார். ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு நேரம், குழாய் எவ்வளவு தூரம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மதுரையில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு நண்பரைப் போனில் அழைத்து, அவரையும் தனியாகக் கணக்குப் போடச் சொன்னார். அந்த அரை மணி நேரமும் நான் சுவரோரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

போன் திரும்ப வந்தது. இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனது. குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்.

ஒரு வெள்ளைத்தாளில் நீளமாகக் கோடு போட்டு, இடது கோடியில் ரேடியோ, அடுத்து செல்போன், ரிமோட், அனல், வெளிச்சம், வெயில், வலது கோடியில் எக்ஸ்ரே என்று எழுதிக் காட்டினார். மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள், இது கெடுதல் பண்ணுகிற பக்கத்துக் கதிர்தான், அதை மறைக்கவில்லை என்றார். ஆனால் வெயிலில் ஒரு நிமிடம் நிற்பதும் ஒரு நாள் முழுக்க நிற்பதும் ஒன்றா? பிள்ளைக்கு ஊனம் வருகிற அளவு என்று ஒன்று இருக்கிறது. இந்த நான்கு படமும் சேர்ந்து அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதைப்போல எத்தனையோ மடங்கு வேண்டும். இதற்காகக் கலைக்க வேண்டியதில்லை.

சொக்கலிங்கத்தின் அப்பா கேட்டார், அப்படியானால் நூற்றுக்கு நூறு ஒன்றும் வராதா என்று.

டாக்டர் சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "நூத்துக்கு நூறுன்னு எந்தப் பிள்ளைக்கும் சொல்ல முடியாது ஐயா. சின்ன வயசுல ரத்தத்துல புத்துநோய் வர்ற வாய்ப்பு எல்லாப் பிள்ளைக்கும் ரொம்பக் கொஞ்சம் இருக்கு. இந்தப் பிள்ளைக்கு அது நூலளவு கூடியிருக்கலாம். அதுக்காக என் மகளா இருந்தா நான் கலைக்க விடமாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேரி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

மீனாளைப் பார்த்துச் சொன்னேன். "ஆச்சி, உங்களத் தனியா வச்சுத் தேதி கேக்கணும்கிறது எங்க விதி. நான் கேக்கல. இந்தக் கட்டத்துல கோடு போட்டேன். இப்ப நீங்க வந்தபெறகு பொய்யா ஒரு தேதியும் எழுதினேன். டாக்டர் அத அடிச்சுட்டாக. தப்பு என்னோடது."

மாமியார் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். மீனாள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"தனியாக் கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன். ஆறு நாள் தள்ளிப்போயிருந்துச்சு. எத்தனையோ தடவ அப்படித் தள்ளிப்போயி ஏமாந்திருக்கேன், அதனால யாருகிட்டயும் சொல்லல. இவுக நிக்கையில எப்படிச் சொல்ல?"

 அடுத்த வருடம் பிள்ளை கூட்டிக்கொள்வதாக, அதாவது பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைத் தத்தெடுப்பதாக, பேசி முடித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வந்த கரு அது. திங்கட்கிழமை அவர்கள் போகவில்லை. சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள்.

எனக்கு வேலை போகவில்லை. அவர்கள் புகாரும் கொடுக்கவில்லை. டாக்டர் மூன்று நாள் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. நான்காம் நாள், கெட்டுப்போன படங்களையும் எழுதுவதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளை பிறக்கும்வரை அந்த ஏழு மாதம் எப்படிப் போனது என்று கேட்டால், போகவே இல்லை என்றுதான் சொல்வேன். சோறு வைத்தால் உலை பொங்குவது தெரியாது. தெருவில் யாராவது கைக்குழந்தையைத் தூக்கிப் போனால் அதன் விரல்களை எண்ணுவேன். ஆஸ்பத்திரியில் ஒரே பெண்ணிடம் இரண்டு தடவை தேதி கேட்டு, அவள் சந்தேகமாகப் பார்த்ததும் உண்டு. என் கணவர் பள்ளி ஆசிரியர். டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகும் ஏன் இப்படி என்றார். கணக்கு எனக்கும் புரிந்திருந்தது. இந்த வேலையில் இருக்கிற எனக்குப் புரியாமல் என்ன? ஆனால் கணக்கு தலையில் மட்டும்தான் இருந்தது.  கண்டனூர் வீட்டைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஒருநாள் காரணமில்லாமல் ஏறி, அந்த வீட்டின் பூட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் புதுவயலில் இறங்கித் திரும்பி வந்தேன்.

ஒருநாள் டார்க் ரூம் கதவை மூன்று தடவை தட்டிவிட்டு டாக்டர் உள்ளே வந்தார். நான் ஃபிக்ஸர் கரைசலிலிருந்து ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "பொண்ணு. மூணு கிலோ. நல்லா இருக்காளாம்" என்றார். பிறகு காலையில் எடுத்த நெஞ்சுப் படங்கள் காய்ந்துவிட்டனவா என்று கேட்டார்.

அன்றைக்கு அழுதேன். ஆனால் பயம் அதோடு முடியவில்லை. நூலளவு என்று அவர் சொன்னது என்னிடமே தங்கிவிட்டது. பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது, இப்போது நாலு வயது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் வருமா, வெளுத்துப்போயிருக்குமா என்று யாரிடமும் கேட்க முடியாமல் நினைத்துக்கொள்வேன். டாக்டர் சங்கரலிங்கம் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். டார்க் ரூமை இடித்துக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். படம் கழுவுகிற வேலை ஒழிந்தது. என் எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு ஒரு வருடம் முன்னால், ஒரு காலை வேளையில், மணிக்கட்டு வீங்கிய ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளையைத்தான் முதலில் பார்த்தேன். ஒல்லி. முகத்தில் வெளுப்பு இல்லை. வலியிலும் எதிரே இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மீனாளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவளுக்கும் என்னைத் தெரிந்தது.

பிள்ளை கண்டனூரில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாளாம். பன்னிரண்டு வயது. சீட்டை வாங்கி உள்ளே போய், அறையைத் தயார் செய்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டேன். என்னோடு வேலை பார்த்த ரேவதியைக் கூப்பிட்டு, இந்தப் படத்தை நீ எடு என்றேன்.

அது மீனாளின் காதில் விழுந்தது. "வேணாம். நீங்களே எடுங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லுமுன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைத் தானே சாத்தினாள்.

நானும் அந்தப் பிள்ளையும்தான் இருந்தோம். ஈய ஏப்ரனை அவள் தோளிலிருந்து முழங்கால்வரை போர்த்தினேன். கனமாக இருக்கிறது என்று சிரித்தாள். பெயர் கேட்டேன். சொன்னாள். கையை மேசையில் வைத்து விரல்களை மெல்ல விரித்துவிட்டேன். வெளிச்சச் சதுரத்தை மணிக்கட்டு அளவுக்குச் சுருக்கினேன். அப்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே என்னைப் படம் எடுத்தது நீங்கதானாமே? அம்மா வெளிய சொன்னாங்க."

"அம்மா வேற என்ன சொன்னாங்க?"

"அவ்ளோதான் சொன்னாங்க. அந்தப் படத்துல நான் தெரியுறேனா?"

இல்லை, நீ அப்போது ஒரு கடுகு அளவுகூட இல்லை என்றேன். அவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

தடுப்புக்குப் பின்னால் போனேன். கைப் படத்துக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுத்தினேன். ஒரே படம். திரையில் உடனே வந்துவிட்டது. முன்கை எலும்பின் நுனியில் மயிரிழைபோல ஒரு கீறல். மற்றபடி மணிக்கட்டின் சின்ன எலும்புகள் எட்டும் வரிசையாக இருந்தன. விரல் எலும்புகளின் முனைகளில், இன்னும் வளர வேண்டிய பிள்ளைகளுக்கு இருக்கிற அந்த மெல்லிய கறுப்பு இடைவெளிகள் இருந்தன. பார்க்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தேன். மீனாள் வாசலிலேயே நின்றாள்.

"சின்னக் கீறல்தான் ஆச்சி. மூணு வாரம் கட்டுப் போட்டாச் சரியாயிரும்."

"மத்ததெல்லாம்?" என்று கேட்டாள்.

"நல்லா வளந்துக்கிட்டு இருக்கா" என்றேன்.